ஒரு கிண்ணம் ஹோர்ஃபனுக்காக ஈப்போவில் நடந்த முற்றுகை

வாழ்க சியூ கம்லூங்! சுண்ணாம்புக் குன்றுகள் மதிலெனச் சூழ்ந்த ஈப்போ மாநகரில் முப்பத்தோராண்டு வீடுவீடாய்த் தண்ணீர் மீட்டர் படித்து ஓய்ந்தோன்; கட்டவிழ்த்த நாய் கண்டும் புறங்காட்டாத் தாளன்; கடலெனப் பரந்த வயிற்றன்; அவ்வயிற்றின்மேல் மலைமுகட்டு மேகம்போல் ஏறி நிற்கும் வெண்பனியனன்; காலைதோறும் ஒரு கிண்ணம் ஹோர்ஃபன் வயிற்றில் இறங்கினாலன்றிக் கதிரவன் எழுந்ததாகவே ஒப்பாத கொள்கையன்! அரிசிமாவில் நாடாவாய் அறுத்த அந்த நூடுல்ஸ் தன் ஊர்த் தண்ணீரில் மட்டுமே பட்டாகும் என்றும், பிற ஊர்களில் அது வெறும் மாவு என்றும் நம்பியவன். அவன் புகழை முழுதும் பாடப் புகுந்தால் நாவும் வறளும், காப்பியும் ஆறும். ஆகவே அவன் வாழ்ந்த அறுபத்துநான்கு ஆண்டுகளில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமையை, அதிலும் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட இரண்டரை நாழிகையை மட்டுமே இங்கே விரிப்பாம்.

போர் மூண்ட காரணம் இது. கம்லூங்கின் ஒரே மகன் வெய் ஜியே கோலாலம்பூரில் வேலை பார்க்கிறவன். சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஒருமுறையும் தாயின் கல்லறையைத் துப்புரவு செய்ய ஒருமுறையும் ஆண்டுக்கு இருதரம் வந்து முகங்காட்டிப் போகிறவன். அவன் மணக்கவிருந்த ஹுய் வென் அதே அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரி. அவளைப் பெற்றவளோ பினாங்குத் தீவின் கோ ஸ்வீ லெங். 'கோ' என்றால் தமிழில் அரசன் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமலேயே அப்படித்தான் நடந்துகொள்வாள். இருபத்தெட்டு ஆண்டு தலைமையாசிரியையாக இருந்து, ஒற்றைப் புருவத்தாலும் ஒற்றை அதட்டலாலும் எண்ணூறு பிள்ளைகளை வாய்பொத்த வைத்த அரசி. கணவன் போன பின் தன் தீவின் மீன்சாறு மிதக்கும் புளி லக்சாவையும், கரி மணக்க வறுத்த கொய்த்தியோ நூடுல்ஸையுமே உற்ற துணையாய்க் கொண்டவள்.

திருமண விருந்து ஈப்போவிலா, பினாங்கிலா? இரு மாதமாய்த் தொலைபேசியில் அடித்துக்கொண்ட இதைப் பேசி முடிக்கத்தான் அவள் சனிக்கிழமை ரயிலேறி வந்தாள். இறங்கிய அரை மணியில், கம்லூங் தன் ஊர் ஹோர்ஃபனின் பெருமையை எடுத்தோதத் தொடங்கிய அக்கணமே, அந்தப் புருவம் உயர்ந்தது.

"உங்க ஊர் நூடுல்ஸ்தானே, சம்பந்தி? சாப்பிட்டிருக்கேன். ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாள் ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, அது மாதிரி. வழுவழுன்னு. பல்லே வேண்டாம்."

வேல் பாய்ந்த வேழமெனத் துடித்தான் கம்லூங். குருதி கொதித்தது, பனியன் விம்மியது. நின்ற இடத்திலேயே வஞ்சினம் கூறினான்.

"நாளைக்குக் காலைல நான் வழக்கமா சாப்பிடற கடைக்கு வாங்க. ஒரு கிண்ணம் சாப்பிடுங்க. நீங்களா வாயத் தொறந்து இன்னொரு கிண்ணம் கேட்டா விருந்து ஈப்போவுல. கேக்கலைன்னா பினாங்குல. அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நீங்களா? ஒரு வார்த்தை பேசாமயா? சரி, அதுக்காகவே வர்றேன்."

வஞ்சினத்தின் அடியில் கிடந்த ஒன்றை மட்டும் அவன் வெளியிடவில்லை. விருந்து ஈப்போவில் என்றால் மண்டபம் பார்க்க, பந்தி பேச, கோட்டு தைக்க என்று மகன் ஐந்தாறு தரமாவது வீட்டுக்கு வந்து தங்க வேண்டியிருக்கும். காவிய நாயகர்கள் இத்தகையவற்றை வாய்விட்டுச் சொல்வதில்லை. மூக்கைச் சொறிந்துகொள்வதோடு சரி.

மறுநாள் காலை இருவரும் படையெடுத்துச் சென்ற காப்பிக்கடையோ முன்பே பகைவர் வசம் வீழ்ந்திருந்தது. கோலாலம்பூர்ப் பதிவெண் தாங்கிய தேர்களில் வந்திறங்கிய சேனைகள் பளிங்கு மேசைகள் அனைத்தையும் பற்றியிருந்தன. அவர்கள் உண்ண வந்தவர்களா, உணவுக்கு அடையாள அட்டை எடுத்துக்கொடுக்க வந்தவர்களா என்று ஐயுறும்படி, கிண்ணம் வந்ததும் கைப்பேசியை நீட்டி, மேலிருந்தொன்றும் பக்கவாட்டிலொன்றுமாய்ப் படமெடுத்து, அது ஆறிய பிறகே வாயில் வைத்து, "அருமை" என்று அந்தக் கைப்பேசிக்கே சொன்னார்கள். சொந்த ஊர்க்காரனுக்கு நிற்கவும் இடமில்லை.

ஆயினும் கடையின் நடுவே நான்கு நாற்காலி மேசை ஒன்றில் ஒரேயொரு கிழவர் வீற்றிருந்தார். முன்னே அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அருகே ஆறிப்போன காப்பி. கையில் விரித்த சீனச் செய்தித்தாள். அதுவே கோட்டை. அதை நோக்கி உழிஞை சூடினான் கம்லூங்.

அந்நாட்டுப் போர்முறை பின்வருமாறு. உண்பவன் நாற்காலியின் பின்னே, அவன் பிடரியில் மூச்சுப் படும் தொலைவில் நிற்க வேண்டும். அவன் தட்டைப் பார்க்க வேண்டும். பேசலாகாது, பெருமூச்சு விடலாம். கம்லூங் நின்றான், பார்த்தான், மூச்சுவிட்டான். கிழவர் தாளின் ஒரு பக்கத்தைத் திருப்பினார். மறுபுறம் இன்னொரு படை வந்து சேர்ந்தது: கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் அணியாது உச்சந்தலையில் அணிந்த கோலாலம்பூர்த் தந்தை ஒருவன், அவன் மனைவி, இரு பிள்ளைகள், தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. வந்தவன் ஒரு சொல்லும் சொல்லாமல் டிஷ்யூ தாள் பொட்டலம் ஒன்றைக் கிழவரின் முட்டைத் தட்டருகே வைத்தான். பகை மண்ணில் நாட்டிய வெற்றிக்கொடி அது! கம்லூங்கும் சளைக்கவில்லை, தன் மடக்குக் குடையை உருவி அப்பொட்டலத்தின்மேல் குறுக்கே கிடத்தினான். இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்து, பற்கள் மட்டும் தெரியப் புன்னகைத்தன. கிழவர் முட்டையில் மிளகுத்தூளைத் தூவி, மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்து, தெரிந்தவர் எவரேனும் உண்டோ என்று வரிவரியாகத் தேடலானார்.

"அங்கிள், வழியில நிக்காதீங்க! சூடு, சூடு! மேல கொட்டுனா என்னயச் சொல்லக்கூடாது!" என்று காப்பி சுமக்கும் பெண் இருபடைகளுக்கும் நடுவே தட்டேந்தி அம்பெனப் பாய்ந்து போனாள்.

அவ்வேளை அடுப்படியிலிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. ஆவி மண்டலத்தின் நடுவே கரண்டி ஏந்தி நின்ற லாவ் சீ ஹோங், கோழியை நாராய்க் கிழித்து, நாடாவை வெந்நீரில் ஒரு முறை முக்கியெடுத்து, இறால்தலை எண்ணெய் செந்தணலாய் மிதக்கும் சாற்றை அதன்மேல் சொரியும் வித்தகன். வாடிக்கையாளர் என்போர் தன் அமைதியைக் குலைக்கப் பிறந்தவர் என்று கருதுபவன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இன்னும் ஆறு கிண்ணம். அப்புறம் சட்டி கழுவப் போயிரும். யாரும் வந்து கெஞ்சாதீங்க. மேசை இல்லாதவங்க என் மூஞ்சியப் பாக்காதீங்க."

ஆறு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. கம்லூங்கின் நெற்றியில் வியர்வை முத்துவடம் கோத்தது.

"சாப்பிடறதுக்கு இவ்ளோ நேரம் நிக்கணுமா, சம்பந்தி?" என்றாள் பின்னால் விசிறியபடி நின்ற ஸ்வீ லெங். "பினாங்கா இருந்தா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சு, மத்தியானத்துக்கு என்ன சாப்பிடலாம்னு சண்டை போட்டிருப்போம்."

வெந்த புண்ணில் வேல்! ஆனால் அவள் அருகே கடந்துபோன ஒரு கிண்ணத்தின் இறால் மணம் எட்டியபோது விசிறி நின்றதையும், மூக்கின் நுனி அதன் பின்னே அரை அங்குலம் சென்றதையும் அவன் கண்டுகொண்டான். நம்பிக்கை துளிர்த்தது. துளிர்த்த கணத்திலேயே இடி விழுந்தது.

"ஒண்ணுதான் இருக்கு!" என்றான் சீ ஹோங்.

கிழவர் இரண்டாம் முட்டையை அப்போதுதான் உடைத்தார். கோலாலம்பூர்ப் படை தள்ளுவண்டியை மேசைக்காலோடு முட்டி நிறுத்தியது. கம்லூங் கண்களை மூடினான். அக்கணம் கடையின் ஓடுகள் அதிரும்படி எழுந்தது, எண்ணூறு பிள்ளைகளை ஒருங்கே அடக்கிய அக்குரல்:

"வெள்ளைக் கார்! வாசல்ல நிக்கிற வெள்ளைக் கார் யாரோடது? பார்க்கிங் சம்மன் எழுதுறாங்க!"

அந்நாட்டில் மூவரில் ஒருவன் வெள்ளைக் கார் வைத்திருப்பவன். ஊழிக்காற்றில் உதிரும் சருகென மேசைகள் காலியாயின. தலையில் கண்ணாடி அணிந்தவன் தள்ளுவண்டியை மனைவி கையில் திணித்துவிட்டுப் பாய்ந்தான். அவள் ஐயோ சாவி, சாவி என்று பின்னால் ஓடினாள். பிள்ளைகளும் ஓடின. எதற்கும் அசையாத கிழவரோ, சொந்தத்தில் சைக்கிள்கூட இல்லாதவர், அடுத்தவன் அபராதம் வாங்குவதைப் பார்க்கும் இன்பத்தை விட மனமின்றி முட்டையை ஒரே மிடறாய் உறிஞ்சிவிட்டுச் செய்தித்தாளோடு எழுந்து போனார்.

கம்லூங்கும் ஓடினான். அவனுடைய காரும் வெள்ளை.

வெளியே சம்மன் எழுதுபவர் எவரும் இல்லை. அவன் கார்மீது ஒரு பூனை படுத்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றவனின் நெஞ்சில் உண்மை மெல்ல விடிந்தது. சினமும் வந்தது, அதனினும் பெரிதாய், மறைக்கவொண்ணாத ஒரு வியப்பும் வந்தது. இப்படியொருத்தி தன் பக்கம் இருந்திருந்தால் மீட்டர் படிக்கும் காலத்தில் ஒரு நாயும் தன்னைத் துரத்தியிராதே என்று எண்ணியபடி திரும்பினான்.

பளிங்கு மேசையில் அரியணை ஏறியிருந்தாள் ஸ்வீ லெங். எதிரே ஆவி பறக்கும் கடைசிக் கிண்ணம். குச்சிகள் எழுந்தன, தாழ்ந்தன. நாடாக்கள் வெள்ளருவிபோல் மேலேறி மறைந்தன. குட்டையாய்த் தடித்த ஈப்போ முளைப்பயறு பற்களிடையே படபடத்துச் சமர் செய்து மடிந்தது. இறுதியில் இரு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் ஒரே மூச்சில் பருகினாள். ஓடி ஏமாந்தவர்கள் ஒவ்வொருவராய் உள்ளே வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்; திட்டுவதற்காக வந்தவர்கள் அந்த வேகம் கண்டு திட்டை மறந்து எட்டிப் பார்த்தார்கள். கிண்ணம் கீழே இறங்கியது.

"பரவாயில்ல. சாப்பிடலாம்."

அந்நாட்டார் நாவில் இதனினும் உயர்ந்த புகழ்ச்சி இல்லை. தாயின் சமையலையே அவர்கள் இதற்குமேல் பாராட்டியதில்லை. ஆனால் வஞ்சினம் வேறன்றோ! எல்லோரும் பார்த்திருக்க, அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, சற்றே தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னொரு கிண்ணம் இருக்கா?"

"இல்ல. சட்டி கழுவியாச்சு."

"கேட்டுட்டாங்க!" என்று துள்ளினான் கம்லூங், துள்ளலில் மேசையும் துள்ளியது. "எல்லாரும் சாட்சி! கேட்டுட்டாங்க!"

"இருக்கான்னுதான் கேட்டேன். குடுன்னு கேக்கல. ரெண்டுக்கும் வித்தியாசத்தை நாலாங்கிளாஸ்லயே நடத்தியிருக்கேன்."

"முதல்ல கன்னத்தத் தொடைங்க, சம்பந்தியம்மா. இறால் எண்ணெய் எனக்காகச் சாட்சி சொல்லுது."

"என் மேசையையும் புடுங்கிக்கிட்டு, நியாயம் வேற பேசுறியேம்மா!" என்றார் பக்கத்தில் நின்ற கிழவர். "நீ கேட்டே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

ஸ்வீ லெங் கன்னத்தைத் துடைத்தாள். ஒற்றைப் புருவம் மெல்ல இறங்கியது. முப்பது ஆண்டில் அது பொதுவிடத்தில் இறங்கியது அதுவே முதல்முறை.

"சரி, ஈப்போ. ஆனா லக்சாவுக்கு ஒரு சட்டி பினாங்குலருந்து வரும். அதுக்கு நீங்க வாயத் தொறக்கக்கூடாது."

வாகை சூடினான் கம்லூங்! மகனை அழைத்து, வெற்றி நாற்றிசையும் ஒலிக்கும்படி கைப்பேசியை மேசைமேல் ஒலிபெருக்கியில் வைத்து, நடந்ததைப் பறையறைந்தான்.

"அப்பா... போன மாசமே ஹால் புக் பண்ணியாச்சு. இங்கதான், கோலாலம்பூர்ல. ஹுய் வென் அவ அம்மாகிட்ட சொல்றேன்னா, உங்ககிட்ட நான் சொல்றேன்னு சொன்னேன். ரெண்டு பேருமே... சொல்லல."

"அம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றது அவன் அருகிலிருந்து ஹுய் வென்னின் குரல். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இவ்ளோ சந்தோஷமா இருந்தீங்களா, நடுவுல கெடுக்க வேண்டாம்னு பாத்தோம். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வந்தா போதும்."

வந்தா போதும்! கோட்டையைப் பிடித்த வேந்தன், நாடே கைமாறிவிட்டதைக் கேட்டவன்போல் கம்லூங் மூக்கைச் சொறிந்தான். மீண்டும் மீண்டும் சொறிந்தான். ஸ்வீ லெங் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்துவைத்து, காப்பிப் பெண்ணை நோக்கி இரண்டு விரல் காட்டினாள்.

"வெள்ளைக் காப்பி ரெண்டு. கெட்டியா." பிறகு அவனிடம், "விருந்து எங்கன்னு சொன்னாங்க. என்ன போடறாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கலையே."

"அதையாவது நாம விடக்கூடாது, சம்பந்தி."

அங்ஙனமே, நேற்றுவரை ஒருவரையொருவர் வேரறுக்க நின்ற ஈப்போவும் பினாங்கும் ஒரே மேசையில் ஒன்றுகூடி, வெண்காப்பி நுரைமேல் ஆணையிட்டு, கரித்தூளும் காரமும் சுண்ணாம்புக்குன்றின் தண்ணீரும் சாட்சியாக, திருநாளன்று அக்கோலாலம்பூர் மண்டபத்துள் இருபுறமும் புகுந்து, ஒருவர் இடப்பக்கச் சமையற்கட்டையும் மற்றவர் வலப்பக்கச் சமையற்கட்டையும் வளைத்து, ஹோர்ஃபனும் புளி லக்சாவும் இன்றி ஒரு பந்தியும் எழுவதில்லை என்று ஊரறிய நிலைநாட்டியே தீர்வதென, கிழவரும் சீ ஹோங்கும் காப்பிப் பெண்ணும் கேட்டிருக்க, மேசையில் ஓங்கியறைந்து சூளுரைத்தனர்.

விருந்தில் ஸ்பகெட்டி போட்டார்கள், இருவரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.