போறணை அங்கிளின் ஹீட்டர்

கொழும்பு வெயிலில் ஹீட்டர் போட்டுக் கார் ஓட்டிய மனிதர் இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான். அவருக்குப் பக்கத்து ஆசனத்தில் ஆறு வருடம் இருந்து வெந்தவன் நான். பாண் சுடும் போறணை அடுப்புக்குள் இருப்பது போலவே இருக்கும். அதனால் அவருக்குப் போறணை அங்கிள் என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தில் கிளார்க். பின் ஆசனத்தில் வரும் ரீற்றா அங்கேயே டைப்பிஸ்ட். எனக்கு அதே வழியில் பத்திரிகை வேலை.

யுத்த காலம். காலி வீதிச் சோதனைச் சாவடியில் வாகன வரிசை அரை மணி நேரம் அசையாது. அங்கிளின் காரோ என்னைவிட வயது மூத்த ஆங்கிலேயக் கார். ஐந்து நிமிடம் நின்றால் என்ஜின் கொதிக்கும். கொதித்து வரிசை நடுவில் நின்றுவிட்டால் அது சந்தேகத்துக்குரிய கார். எல்லோரும் இறங்கி விசாரணைக்கு நிற்க வேண்டும். ஆகவே அங்கிள் ஹீட்டரைத் திருகுவார். உள்ளே இருக்கும் சிறிய விசிறி என்ஜினின் சூட்டை இழுத்து எங்கள் மேல் ஊதும். என்ஜின் ஆறும். ஜன்னல்கள் திறந்திருந்தும் நாங்கள் அவிவோம்.

"அங்கிள், மூச்சு விடேலாமல் கிடக்கு," என்பாள் ரீற்றா.

"பிள்ளை, உனக்கு வேர்த்தால் துடைக்கலாம். இது கொதிச்சால் உன்ர ஐடென்ரிகார்டை நாலு பேர் வாசிப்பாங்கள்."

ஒருநாள் ஒரு சிப்பாய் ஜன்னலுக்குள் தலையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். "மொகத மே?" என்றார், இது என்னவென்று சிங்களத்தில்.

"ஹீட்டர், மாத்தயா," என்றார் அங்கிள் பணிவாக.

எங்கள் மூவரையும் சிப்பாய் ஒருமுறை பார்த்தார். பிறகு, இவர்களை இனி யார் தண்டிக்க வேண்டும் என்பது போலப் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

ரீற்றாவுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில் அந்த விசிறி தேய்ந்துபோனது. ஒரு வாரம் கீச்சிட்டது. பிறகு ஒரேயடியாக நின்றது. அன்றே காரும் வரிசையில் கொதித்து நிற்க, வீதியோரத்தில் இரண்டு மணி நேரம் எங்கள் மூவரிடமும் விசாரணை நடந்தது. கல்யாணமோ அதே சாவடிக்கு அப்பால், கொட்டாஞ்சேனை மாதா கோயிலில், காலை பத்து மணிக்கு.

"நீர் வேற கார் பிடியும்," என்று ரீற்றாவிடம் சொன்னேன்.

"ஆறு வருசமா அங்கிளோடதான் வேலைக்குப் போறன். கல்யாணத்துக்கு மட்டும் வேற ஆளோ?"

சனிக்கிழமை அங்கிள் என்னையும் இழுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்குப் போனார். கடைக்கார முஸ்லிம் நானா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஹீட்டர் விசிறியா? மத்தவங்க இங்க வாறது அத கழட்டி வீசத்தான். மூணு ஈக்கிது. ஒண்ணும் ஒரு நாளும் சுத்தினதில்ல."

ஞாயிற்றுக்கிழமை டாஷ்போர்ட்டைக் கழற்றி விசிறியைப் பூட்டினோம். இரண்டு திருகாணிகள் மிஞ்சின. "பாரம் குறைஞ்சால் காருக்கு நல்லதுதானே," என்றார் அங்கிள். ஒரு நாளும் சுற்றாத விசிறி அத்தனை வருட ஓய்வுக்கும் சேர்த்து ஊதியது. ஆசனத்தில் கிடந்த என் பத்திரிகை பின் கண்ணாடியில் போய் ஒட்டியது.

ரீற்றா உள்ளே இருந்து பார்த்துவிட்டு இறங்கினாள். "இதில போனால் கோயில் வாசலில கருவாடுதான் இறங்கும். ஹீட்டர் போடாட்டி கார் வழியில கொதிச்சு நிக்கும். என்ன செய்வம், அங்கிள்?"

அங்கிள் டாஷ்போர்ட்டின் அடியில் தலையை விட்டுக்கொண்டார்.

கல்யாண நாளும் வரிசை அசையவில்லை. சூடு காட்டும் முள் ஏறியது. அங்கிள் கோட்டும் டையுமாக ஹீட்டரைத் திருகினார். வெள்ளைச் சேலையில் இருந்த ரீற்றா கண்ணை மூடிக்கொண்டாள். விசிறி இரைந்தது, சூடு வரவில்லை. குனிந்து பார்த்தேன். ஹீட்டரின் வாயில் பழைய மழைக்கோட்டின் கை ஒன்று குழாய் போல இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் மறுமுனை அங்கிளின் கோட்டுக்குள் போயிருந்தது.

"அங்கிள், இது..."

"பேசாமல் இரும். பிள்ளைக்குக் கேக்கும்."

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கோயிலடியில் இறங்கினோம். ரீற்றாவின் முகப் பவுடர்கூடக் கலையவில்லை. அங்கிள் கடலிலிருந்து ஏறி வந்தவர் போல இறங்கினார். பூசை முடிந்து படம் எடுக்கும்போது, கோட்டு காயாத காரணத்தால் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். ரீற்றா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து தன் பக்கத்தில் நிறுத்தினாள். அவருடைய ஈரம் அவளுடைய சேலைத் தோளில் ஊறத் தொடங்கியது.

"மிஸ், சேலை நனையுது. அவர் காயும்வரைக்கும் பொறுப்பமா?" என்று கேட்டார் படக்காரர்.

"வேண்டாம். இப்பிடியே எடுங்கோ," என்றாள் ரீற்றா.