உறவினர் டேபிள்

"ராங் நம்பர்" என்று சொல்லி அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். ரிசீவரைக் கையில் பிடித்தபடியே சிஸ்டர் கம்ப்யூட்டர் சாரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து பேசியதே இவர்தான் என்பது போல இருந்தது பார்வை.

விஷயம் இதுதான். முதியோர் இல்லத்தில் பதினேழாம் எண் டெய்லர், காலையில் பாத்ரூம் போகிறபோது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்குச் சொந்தக்காரர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். டெய்லருக்கு இருப்பது ஒரே மகன். அந்த மகனின் நம்பர்தான் இப்போது ராங் நம்பர்.

கம்ப்யூட்டர் சாருக்கு நியமன உத்தரவில் 'தகவல் பொறுப்பாளர்' என்று போட்டிருந்தது. நடைமுறையில், பிளக் உள்ள எந்தப் பொருள் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எட்டு வருஷ சர்வீஸில் அவர் சரி செய்த டிவி ரிமோட்டுகளுக்குக் கணக்கில்லை. போன செவ்வாய்க்கிழமைதான் இல்லத்தின் சாப்ட்வேருக்குப் புது வெர்ஷன் போட்டிருந்தார். அதனால் ராங் நம்பர் என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

மேனேஜர் அம்மா வந்து சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஏதோ பெரிய ஹோட்டலில் இருந்தவர். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டார். வேறு பத்துப் பேரின் வீடுகளுக்கும் போன் போட்டுப் பார்க்கச் சொன்னார். சிஸ்டர் போட்டார். ஐந்து பேர் ராங் நம்பர் என்றார்கள். மூன்று நம்பர்கள் அடித்துக்கொண்டே இருந்தன. ஒருவர் இல்லத்தின் பெயரைக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. ஒரே ஒருவர் மட்டும், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கிசுகிசுத்தார்.

"பத்துல அஞ்சு ராங் நம்பர்னா அது தற்செயல் இல்ல சார். செவ்வாய்க்கிழமை நீங்க என்ன பண்ணீங்க?"

கம்ப்யூட்டர் சார் விளக்க முயன்றார். கம்ப்யூட்டருக்குள்ளே எல்லா விவரமும் ஒரே மூட்டையாக இருப்பதில்லை. தங்கியிருப்பவர்களுக்கு ஒரு டேபிள், மருந்துக்கு ஒரு டேபிள், உறவினர்களுக்கு ஒரு டேபிள் என்று தனித்தனிப் பட்டியலாக இருக்கும். புது வெர்ஷன் போட்டபோது உறவினர் டேபிள் மட்டும் கெட்டிருக்கலாம். மொத்தத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுபோனால் ஒரு வாரமாக சிஸ்டர் பதிந்த மருந்து விவரமெல்லாம் போய்விடும். ஆகவே அந்த ஒரு டேபிளை மட்டும் பேக்கப்பிலிருந்து எடுத்து வைத்துவிடலாம்.

மேனேஜர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேபிள் சேரையெல்லாம் அப்புறம் ரிப்பேர் பண்ணிக்கலாம். முதல்ல நம்பரைக் கண்டுபிடிங்க" என்றார். கூடவே, எண்கள் கெட்டுப்போனது தன் கவனக்குறைவால்தான் என்று ஒரு விளக்கக் கடிதமும் எழுதித் தரச் சொன்னார். கம்ப்யூட்டர் சார் எழுதித் தந்தார். தப்பு தன்னுடையதுதான் என்பதில் அவருக்கே சந்தேகம் இருக்கவில்லை.

பேக்கப் என்பது அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு டிஸ்க். மாதா மாதம் முதல் தேதி நகல் எடுத்ததாக நோட்டில் வரிசையாக டிக் இருந்தது. கடைசி இரண்டு மாத ஃபைல்களைத் திறந்தால் உள்ளே வெறும் காற்று. டிக் போட்ட ஞாபகம் அவருக்கு நன்றாக இருந்தது, நகல் எடுத்த ஞாபகம்தான் இல்லை. ஒழுங்காக இருந்தது மூன்று மாதத்துக்கு முந்தையது. நம்பர்கள் மூன்று மாதத்தில் எங்கே ஓடிவிடப் போகின்றன என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, அதிலிருந்து உறவினர் டேபிளை மட்டும் எடுத்து வைத்தார்.

சிஸ்டர் பதினேழாம் எண்ணைத் தட்டினார். புது நம்பர் வந்தது. போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். சிஸ்டரின் முகம் மலர்ந்தது.

"சார், உங்க அப்பா கீழ விழுந்துட்டார். உடனே வரணும்."

"எங்கேருந்து விழுந்தாரு?"

"பாத்ரூம்ல சார். வழுக்கிடுச்சு."

"அவர் செத்து ரெண்டரை மாசம் ஆச்சேம்மா."

அப்போதுதான் கம்ப்யூட்டர் சாருக்கு உறைத்தது. இல்லத்தில் ஒருவர் காலமானால் அவருடைய எண்ணை அடுத்து வருகிறவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்கு முன் பதினேழாம் எண் ஒரு பேங்க்காரருடையது. டெய்லர் அவருக்குப் பின்னால் வந்தவர். தங்கியிருப்பவர்களின் ஆட்கள் டேபிள் இன்றைக்கு உள்ளது, உறவினர் டேபிள் மூன்று மாதப் பழசு. பேங்க்காரரின் பிள்ளைகளை டெய்லருக்குத் தத்துக் கொடுத்தாயிற்று.

அதோடு போயிருந்தால் தேவலை. தினமும் காலை பத்து மணிக்கு ஒவ்வொரு உறவினருக்கும் சாப்ட்வேர் தானாகவே ஒரு மெசேஜ் அனுப்பும். அதுவும் போய்விட்டது. 'தங்கள் தந்தை நலமாக உள்ளார். காலை உணவை விரும்பிச் சாப்பிட்டார்.'

பேங்க்காரரின் பிள்ளைகள் இருவரும் இருபதே நிமிஷத்தில் வந்து நின்றார்கள். அவர் உயிரோடு இருந்த நான்கு வருஷத்தில் மொத்தமாக இரண்டு தடவை வந்தவர்கள் என்று சிஸ்டர் காதோடு சொன்னார். அப்பாவின் வீட்டை விற்று, வாங்கியவர் குடியும் வந்துவிட்டாராம். இப்போது போய் அப்பா நலமாக இருக்கிறார் என்றால் எப்படி? மூத்தவர் சேரின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, இல்லத்தின் லெட்டர்பேடில் எழுதித் தரும்படி கேட்டார்.

"என்னன்னு எழுதணும்?" என்றார் மேனேஜர் அம்மா.

"அப்பா நலமா இல்லைன்னு."

எழுதிக் கொடுத்தார்கள். முத்திரையும் வைத்தார்கள். சின்னவர் அதை இரண்டு தடவை படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

இனி ஒரு மெசேஜும் தப்பான வீட்டுக்குப் போகக்கூடாது என்று கம்ப்யூட்டர் சார் பதறிப்போனார். பதற்றத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு டேபிளும் வேறு வேறு தேதியில் இருப்பதால்தானே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன? ஆட்கள் டேபிளையும் அதே மூன்று மாதத்துக்குக் கொண்டுபோய்விட்டால்? கொண்டுபோனார்.

டேபிள்கள் ஒத்துப்போய்விட்டன. மனிதர்கள்தான் ஒத்துப்போகவில்லை. மதியச் சாப்பாட்டு லிஸ்டில், செத்துப்போன மூன்று பேர் திரும்பி வந்திருந்தார்கள். பேங்க்காரருக்கு உப்பில்லாச் சாப்பாடு என்று ஞாபகமாகக் குறிப்பும் இருந்தது. லிஸ்டில் உள்ளதைச் செய்கிறவர் சமையற்காரர், மேற்கொண்டு கேள்வி கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மூன்று தட்டுகள் போய், யாரும் இல்லாத மேஜைகளில் உட்கார்ந்தன. டெய்லரையும் சேர்த்து, பிறகு வந்த நான்கு பேர் காணாமல் போயிருந்தார்கள்.

அந்த நால்வரில் ஒருவர் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து ஆறு வாரம் ஆகிறது. அவருக்குத் தட்டு வரவில்லை. லிஸ்டிலேயே உங்கள் பெயர் இல்லை என்று சமையலறையில் சொல்லிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து அவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலையைப் புதிதாக வாரியிருந்தார். கையில் பெட்டி.

"என் பேரு லிஸ்ட்ல இல்லையாமே. அப்போ நான் வீட்டுக்குப் போகலாம் இல்ல?"

கம்ப்யூட்டர் சார் எழுந்து நின்றுவிட்டார். அது மெஷின் செய்த தப்பு, பத்து நிமிஷத்தில் பெயர் வந்துவிடும் என்று சொன்னார்.

"ஒண்ணும் அவசரம் இல்ல. நிதானமா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவர் பார்த்துக்கொண்டே இருக்க, கம்ப்யூட்டர் சார் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து மூடினார். கடைசியில் வெட்கத்தை விட்டு சாப்ட்வேர் கம்பெனிக்கே போன் போட்டார். அங்கே ஒரு பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, வெர்ஷன் மாற்றுவதற்கு முன்னால் சாப்ட்வேர் தானாகவே ஒரு முழு நகல் எடுத்து வைத்திருக்குமே, பார்க்கவில்லையா என்று கேட்டாள். பார்த்தார். இருந்தது. செவ்வாய்க்கிழமை காலைத் தேதி போட்டு, பத்திரமாக, காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது.

அதிலிருந்து இரண்டு டேபிளையும் எடுத்து வைத்தார். செத்தவர்கள் போனார்கள், இருப்பவர்கள் வந்தார்கள். தலைமையாசிரியையிடம் போய், "வந்துடுச்சும்மா, உங்க பேரு" என்றார். அவர் "சந்தோஷம்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக மாடிப்படி ஏறிப் போனார்.

ஆனால் டெய்லருக்கு நேராக இருந்தது, காலையில் சிஸ்டர் போட்ட அதே நம்பர்தான். ராங் நம்பர் என்று வந்த மற்ற ஐந்தும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமைக்கு முன்னும் பின்னும் ஓர் இலக்கம்கூட மாறவில்லை. கம்ப்யூட்டர் சார் அலமாரியைத் திறந்து, சேர்க்கையின்போது வாங்கிய விண்ணப்பங்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பெற்றோரைக் கொண்டுவந்து விட்ட மகன்களும் மகள்களும் தங்கள் கையாலேயே எழுதிய எண்கள் அவை. டேபிளில் இருந்ததும் அவையேதான்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் யோசித்தார். ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. பெற்றவர்களைக் கொண்டுவந்து விடுகிற நேரம் அல்லவா? அழுதுகொண்டே எழுதியிருப்பார்கள், கை நடுங்கியிருக்கும், எண் மாறிப்போயிருக்கும். பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. மேனேஜர் அம்மாவிடம் அப்படியே சொன்னார். அவரோ, விளக்கக் கடிதம் எப்போதோ ஃபைலில் போய்விட்டது, ஃபைலிலிருந்து கடிதத்தை வெளியே எடுக்கும் வழக்கம் இங்கே கிடையாது என்றார்.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. இனியும் காத்திருக்க முடியாது, இரண்டு டாக்டர்களே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள், நான்கு மணிக்கு ஆபரேஷன். மகனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. டெய்லரிடமே போய் சரியான நம்பரைக் கேட்டு வாங்கி வந்து டேபிளைத் திருத்துங்கள் என்று மேனேஜர் அம்மா உத்தரவு போட்டார்.

மூன்றரை மணிக்கு கம்ப்யூட்டர் சார் வார்டுக்குப் போனார். பச்சை அங்கி மாட்டி, காலுக்கு எடை கட்டி, டெய்லரைப் படுக்க வைத்திருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் முகம் தெளிவாக இருந்தது. வந்தவரின் சட்டையைத்தான் முதலில் பார்த்தார்.

"இடது தோள் இறங்கியிருக்கு தம்பி. யார் தச்சது?"

ரெடிமேட் என்று சொன்னதும், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது போலக் கண்ணை மூடிக்கொண்டார். கம்ப்யூட்டர் சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னார். தன் தவறால்தான் இவ்வளவும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மகனின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

டெய்லர் கண்ணைத் திறக்காமலேயே பத்து இலக்கத்தையும் கடகடவென்று சொன்னார். கையிலிருந்த விண்ணப்பத்தில் இருந்த அதே பத்து.

"இதைத்தான் ஐயா காலையிலேருந்து போட்டுப் பாக்கறோம். வேற யாருக்கோ போகுது."

"இன்னொரு தடவை போடுங்க தம்பி."

பெரியவரின் திருப்திக்காக கம்ப்யூட்டர் சார் தன் செல்போனிலேயே போட்டு, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். நான்கு முறை மணி அடித்து, ஒருவர் எடுத்து "ஹலோ" என்றார். கம்ப்யூட்டர் சார் இல்லத்தின் பெயரைச் சொல்லி, உங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தொடங்குவதற்குள், "ராங் நம்பர்ங்க" என்ற குரல் கரகரத்து, லைன் கட்டாகிவிட்டது.

"பாத்தீங்களா ஐயா, யாரோ என்னவோ" என்று சொல்லி அவர் விண்ணப்பத்தில் அந்த எண்ணைப் பேனாவால் அடித்தார்.

டெய்லர் செல்போனையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையனுக்குத் தொண்டை கட்டியிருக்கு தம்பி. பனியில அலையாதடான்னா கேக்கவே மாட்டான், சின்னதுலேருந்தே அப்படித்தான்."