என் தோளில் அதிகாரியின் தலை

தார்க்குவினி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் செப்பினுஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை தூக்கியாவின் கணவன் வெத்துலேன் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் நலமென்றால் மகிழ்ச்சி. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுத மாட்டேன். ரோமில் குடியேறிவிட்ட உங்களுக்கு ஊர்ச்சேதி: சதுக்கத்துக் கிணற்றடியில் உங்கள் சிலை சௌக்கியமாக நிற்கிறது, நேற்றுகூட அதன் தோளில் இரண்டு புறாக்கள். ஆனால் மச்சான், என் சிலையில் இருக்கும் தலை என்னுடையது இல்லை.

குளியல் மண்டபத்துக்கு நான் கூரை போட்டுக் கொடுத்ததற்காக ஊர் மன்றம் வைத்த சிலை அது. சிற்பி வேலியுஸின் பட்டறையில் தயாராகக் கிடந்த ஓர் இளம் வீரனின் உடம்பை எடுத்து, கழுத்துக் குழியில் என் தலையைச் செருகினார்கள். முகத்தில் ஒரு சுருக்கமும் குறையக் கூடாது, அதுதான் கௌரவம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உங்கள் தங்கையோ, "கழுத்துக்குக் கீழ இருக்கிற ஆளை எனக்கு யாரும் கட்டி வைக்கலையே!" என்று சதுக்கமே கேட்கச் சிரித்தாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் கீரை வாங்கப் போனவன் நிமிர்ந்து பார்த்தால், என் தோளுக்கு மேலே ரோமின் புது அதிகாரி முறைக்கிறார்! இந்த ஊருக்கு ஒரு செங்கல்கூடத் தராத மனிதர். மன்றத் தலைவர் கல்வுஸிடம் ஓடினேன்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே, அவர் நாளைக்கு வர்றார். தலைன்னா ரெண்டு நாள்ல முடிஞ்சுடும், முழு ஆளைச் செதுக்க நேரமேது?"

"அது என் உடம்புய்யா!"

"என்னிக்கு?" என்று என் தொப்பையைப் பார்த்தார்.

என் தலை வேலியுஸ் வீட்டில், ஆலிவ் ஊறும் ஜாடியின் மேல் பாரமாக இருக்கிறது. "கனம் கச்சிதமா இருக்குங்க" என்று பாராட்டுகிறான். பீடத்தில் 'கூரை தந்த வள்ளல்' என்ற வரியை மட்டும் அழிக்கவில்லை, அதிகாரிக்குப் பிடித்திருக்கிறதாம். நான் போட்ட கூரையின் கீழ் குளிக்க, இனி தினமும் அந்தச் சதுக்கத்தைத்தான் தாண்டிப் போக வேண்டும். வெட்கமாக இருக்கிறது, மச்சான். உடனே வந்து மன்றத்தில் நாலு வார்த்தை கேளுங்கள்: ஒருவன் உடம்பில் இன்னொருவன் தலையை வைப்பவன் மனிதனா?

உங்கள் இல்லத் தெய்வங்கள் உங்களைத் தலை முதல் கால் வரை காக்கட்டும்.

அன்புள்ள,
வெத்துலேன்

பின்குறிப்பு: வேலியுஸ் இப்போதுதான் வந்து போனான். மன்றம் மனம் இரங்கிவிட்டது, என் தலை மறுபடி சதுக்கத்தில் ஏறுகிறது! ஊரில் இல்லாதவருக்குச் சிலை எதற்கு என்று கிணற்றடியில் ஓர் உடம்பைக் காலி செய்கிறார்களாம். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். உங்கள் தலையைப் பற்றிக் கவலை வேண்டாம், எங்கள் ஆலிவ் ஜாடிக்கும் ஒரு பாரம் வேண்டும் என்று உங்கள் தங்கை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.