லோஞ்ச் அண்ணை எடுத்துக்கொடுத்த வசனம்

மெல்லப் பேசவே தெரியாத ஒரு மனிதரைப் பிடித்து, நாடகத்துக்குத் திரைமறைவில் வசனம் எடுத்துக்கொடுக்க வைத்த ஊர் இந்த உலகத்தில் எங்கள் திருகோணமலை ஒன்றுதான். நடிகர் வாயைத் திறக்குமுன்னமே வசனம் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு நடிகரும் தன் பங்குக்கு ஒருமுறை சொல்வார். ஒரே இருப்பில் ஒரு நாடகத்தை இரண்டு தரம் கேட்ட பாக்கியசாலிகள் எங்கள் சனம்.

அவரை எல்லோரும் லோஞ்ச் அண்ணை என்றுதான் சொல்வோம். இறங்குதுறையில் நின்று, மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சுக்கு ஆள் கூப்பிடுவது அவருடைய வேலை. “மூதூர், மூதூர், மூதூர்! ஏறுங்கோ!” என்று இங்கே கத்தினால், மூதூரில் நிற்கிறவன் திடுக்கிட்டுப் பெட்டியைத் தூக்குவான் என்று பகிடி சொல்வார்கள். பிறகு பாலங்கள் வந்தன, பஸ்கள் ஓடின, லோஞ்சுக்கு ஆளில்லாமல் போனது. அண்ணைக்குத் தொண்டை மட்டும் மிஞ்சியது. அதைக் கொண்டுவந்து எங்கள் நாடகக் குழுவில் சேர்த்தார்.

குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லிங்கநகரிலிருந்து கந்தோர் உத்தியோகத்தனான நான். கிண்ணியாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானா. மீன் சந்தைக்குப் பக்கத்தில் பேக்கரி நடத்தும் நிமல் என்ற சிங்களவர். எங்களிடம் இருந்ததும் ஒரே ஒரு நாடகம், ஒரு கிணற்றுக்காக மூன்று வீட்டுக்காரர் அடிபடும் கதை. அதிலும் ஒருவராவது வசனத்தைப் பாடமாக்கியிருந்தால் சொல்லுங்கள். அண்ணை இருக்கும்போது எதற்கு? அவருக்கு முழு நாடகமும் மனப்பாடம்.

நிமல் தமிழ் பழகியது அண்ணையின் வாயிலிருந்துதான். ஆகவே தமிழைக் கத்தித்தான் பேச வேண்டும் என்று மனிதர் நம்பியிருந்தார். “பாண் சூடா இருக்கு!” என்று அவர் பேக்கரிக்குள் நின்று சொன்னால் தெருவில் போகிற பஸ் நிற்கும்.

சாம்பல்தீவில் ஒருமுறை கடைசிக் காட்சி. கிணற்றுச் சொந்தக்காரராக நடிக்கும் ஹனீபா நானா, கிணற்றை ஊருக்குப் பொதுவாக விட்டுவிட்டு என் மடியில் உயிரை விட வேண்டும். சொல்ல வேண்டிய வசனம் அவருக்கு மறந்துபோனது. உடனே திரைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்: “நான் போறன் தம்பி! நான் போறன்!”

முன்வரிசையிலிருந்த ஒரு மனிசி பதறி எழுந்தார். “ஐயோ, உள்ளுக்கை ஆருக்கோ ஏலாமப் போச்சு!” என்று சோடாப் போத்தலோடு பின்பக்கம் ஓடினார். அண்ணை அந்தச் சோடாவை வாங்கி ஆறுதலாகக் குடித்துவிட்டு, “நல்ல சனம்!” என்றார். அதுவும் கடைசி வரிசைக்குக் கேட்டது. என் மடியில் செத்துக்கொண்டிருந்தவரின் வயிறு சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது.

பாலையூற்றில் ஒரு மண்டபத்தில் எங்கள் ஒத்திகை நடக்கும். அண்ணை வாசலில் நின்று, “லிங்கநகர் ஏறியாச்சோ? கிண்ணியா ஏறியாச்சோ?” என்று கூப்பிடுவார். ஒருவர் குறைந்தாலும் ஒத்திகை தொடங்காது. “ஒராளை விட்டிட்டு லோஞ்ச் வெளிக்கிடாது” என்பார்.

ஒரு காலம் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று கதை கெட்டுப்போனது. எவர் எதைச் சொன்னார் என்று தெரியாமலே ஆளுக்காள் முகம் பார்க்காமல் திரிந்தோம். ஹனீபா நானா ஒத்திகைக்கு வரவில்லை. வேறு ஆளைப் போடலாம் என்று பேச்சு எழுந்ததும் அண்ணை எழும்பிப் போய் பஸ் ஏறினார். நேரே நானாவின் கடை வாசலில் போய் நின்றுகொண்டு, “கிண்ணியா, கிண்ணியா! ஒராள் குறையுது! ஏறுங்கோ!” என்று தொடங்கினார்.

ஹனீபா நானா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாராம். “மனிசா, நீங்க இப்பிடிக் கத்தினா என்ட கடைக்கு ஆரு வருவாங்க? நிப்பாட்டுங்க, நான் வாறன்!”

இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நிமல் மீன் பணிஸ் கொண்டுவந்திருந்தார். தின்றோம், ஒத்திகை பார்த்தோம். அந்தக் கெட்ட கதையைப் பிறகு எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை.

அந்தத் தொண்டைக்குத்தான் வருத்தம் வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு குரலே இல்லை. ஆனாலும் ஒத்திகைக்கு வந்து, மேடை ஓரத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயை அசைப்பார். அந்த வாயைப் பார்த்துப் பார்த்து நாங்கள் நடித்தோம். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது. கிண்ணியாவில் நாடகம் போட ஒப்புக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணை போய்விட்டார்.

செத்த வீட்டில் ஹனீபா நானா, “எனக்கு இனி ஏலா. இதோட விடுவம்” என்றார். நிமல் தலையைக் குனிந்துகொண்டார். குழு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அண்ணையின் மனைவி அழுதபடியே நிமிர்ந்தார்.

“ஒராளை விட்டிட்டு வெளிக்கிடக்கூடாது எண்டுதானே அவர் சொன்னவர்? வெளிக்கிடவே வேண்டாமெண்டு சொன்னவரோ? அவரின்ரை கதிரையையும் கொண்டு போங்கோ.”

வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று பேரும் வசனத்தைப் பாடமாக்கினோம். கிண்ணியாவில் கதிரையை அதன் இடத்தில் வைத்தோம். திரை விலகியது. முதல் வசனம் என்னுடையது. நன்றாகத் தெரியும். ஆனால் பின்னாலிருந்து ஒருமுறை கேட்காமல் நாக்கு எழும்பமாட்டேன் என்றது. நின்றேன்.

நடுவரிசையிலிருந்து ஒரு வயதானவர், அண்ணையின் அதே இழுவையில் கத்தினார்: “கிணத்தடியில ஆரது?”

நான் அதைச் சொன்னேன். அடுத்த வசனத்துக்கு நாலைந்து குரல்கள் வந்தன. அதற்கடுத்ததற்கு மண்டபம் முழுவதும் எடுத்துக்கொடுத்தது. கிண்ணியாச் சனம், சாம்பல்தீவிலிருந்து வந்த சனம், நிமலின் தமிழ் தெரியாத மனைவி, எல்லோரும்! இத்தனை காலமும் இரண்டு தரம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு முன்னமே எல்லோரும் பாடமாக்கியிருந்தார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசிக் காட்சி வந்தது. ஹனீபா நானா என் மடியில் கிடந்தார். “நான் போறன் தம்பி” என்று எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானா மேடை ஓரத்துக் கதிரையைப் பார்த்தார். நானாவும் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. நிமல் போய் மெல்லத் திரையை இழுத்து மூடினார்.

எங்கள் நாடகம் இன்றைக்கும் நடக்கிறது. கதிரையும் கூடவே வருகிறது. அந்தக் கடைசி வசனத்தை மட்டும் நாங்கள் எடுத்துவிட்டோம். அண்ணையைப் போக விட எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.