போருக்கு நாகர்கோவில் அளித்த பதில்

“...ஆகவே, இந்தப் போருக்கு உலகத்தில் எந்த நகரமும் தராத பதிலை நாகர்கோவில் தரப்போகிறது. அப்படியே எழுது.”

“எந்தப் போருன்னு போடணும் சார்?”

“அதெல்லாம் போடாத.”

“வளைகுடாவுல நடக்குத போருன்னு...”

“வளைகுடாவ எடுத்துரு. நம்ம புரவலருங்க ரெண்டு பேருக்கு அங்க கடை உண்டு.”

“அப்போ வெறும் போருன்னு விட்டுரட்டா?”

“போருங்கிறதே ஒருமாதிரி முறைக்குதுல்லா? ‘நிகழ்காலச் சூழல்’னு போடு. ‘சூழலை எதிர்த்து’ன்னு போட்டிராத. ‘சூழலுடன் உரையாடி’.”

“சூழல் திரும்பப் பேசுமா சார்?”

“லேய், எழுதுலே.”

உலகக் கலை வரலாற்றைப் புரட்டிப் போடவிருந்த அந்த அறிக்கை, நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில், இரண்டரை மணி நேரத்தில், ஒரு தட்டு பருப்புவடையின் துணையோடு இவ்வாறாக உருவாயிற்று. சொல்லிக்கொண்டிருந்தவர் டைட்டஸ் சார். ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். ‘குமரி சமகாலக் கலைச் சந்தை’யின் தலைவர். எழுதிக்கொண்டிருந்தவன் ஸ்மைலின், அச்சந்தையின் ‘மண்சார் ஒருங்கிணைப்பாளர்’. இருவருக்கும் நடுவே, மணப்பெண் உட்காரும் சிவப்பு நாற்காலியில், கண்களை மூடி அமர்ந்திருந்தவர் எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த கியூரேட்டர் மேடம். பதினொரு நாடுகளின் கலைச் சந்தைகளைக் கண்டவர். உலகில் எங்கே குண்டு விழுந்தாலும் வேறெங்காவது ஒரு சந்தை அதற்கு ‘எதிர்வினை’ ஆற்றும். அந்த எதிர்வினையின் பக்கத்தில் மேடம் நிற்பார். குண்டு விழுந்த இடத்தில் மட்டும் அவர் நின்றதில்லை. அது அவருடைய துறை அல்ல.

மேடம் கண்ணைத் திறந்தார். “அறிக்கையில கடல் வருதா?”

“வருது மேடம்.”

“வரட்டும். ஆனா மீன் வேண்டாம்.”

ஸ்மைலின் மீனை அடித்தான்.

அவன் மணல்விளைத்துறைக்காரன். அப்பா, மாமா, பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் கடல்தொழில். இவன் மட்டும் படம் வரையப் போகிறேன் என்று சென்னைக்குப் போய் ஐந்து வருடம் படித்தான். அந்த ஐந்து வருடத்தில் அவன் முழுமையாகக் கற்றுத் தேறியது ஒன்றுதான்: வாயைத் திறந்தால் ஊர் தெரியாமல் பேசுவது. அந்தோ, கலையின் திருவிளையாடலைப் பாருங்கள்! திரும்பி வந்ததும் கிடைத்த முதல் வேலையே ஊர்ப் பேச்சுப் பேசுவதாக இருந்தது.

“கொஞ்சம் மண்ணோட பேசுங்க ஸ்மைலின். விருந்தினருங்க அதுக்குத்தானே வர்றாங்க” என்பார் மேடம்.

அவனும் பேசினான். டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ யாராவது உள்ளே நுழைந்தால் “ஏலே மக்கா” என்று ஒருமுறை கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. கூப்பிட ஆள் இல்லாத வேளைகளில் தூணைப் பார்த்துக் கூப்பிட்டான். விருந்தினர்கள் தூணைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வட்டார அடையாளத்துக்கு அந்தச் சந்தை செய்த தொண்டு சாதாரணமானதல்ல. சந்தை நடந்த அதே மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைப் பீடம் ஒன்றின்மேல் ஒரேயொரு மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு, மேலே விளக்கு, பக்கத்தில் காவலாளி. தலைப்பு: ‘வேர் / வேரின்மை’. குழித்துறையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதன்முன் வெகுநேரம் பக்தியோடு நின்றது. கடைசியில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் காவலாளியிடம் தாழ்ந்த குரலில், “கெழங்குக்கு மீன்கறி எப்போ வெளம்புவாவ?” என்று கேட்டார். பார்வையாளர் கருத்துப் புத்தகத்தில் இதுவும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் சந்தையின் மகுடம் போர்க் கூடம்தான். தாலி கட்டும் மேடை அதற்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே ஒரு மேசை, மேசைமேல் வெள்ளைத்துணி, துணிமேல் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி. ‘நிகழ்காலச் சூழலுக்கு உங்கள் பதிலை எழுதிப் போடுங்கள்’ என்று ஒரு பலகை. வாசலில் பெரிய ஃபிளெக்ஸ்: ‘மாவட்ட மக்கள் அனைவரும் வருக.’ அதில் மாவட்ட ஆட்சியரின் படம், ஆள் உயரத்துக்கு. கீழே, எறும்பு உயரத்துக்கு, ‘அழைக்கப்பட்டுள்ளார்’.

மேடம் கவிதைகளை எதிர்பார்த்தார். ஒரு புறா ஓவியமாவது வரும் என்றார்.

அவருக்கு இந்த மாவட்டம் தெரியாது. பந்தல், மேசை, வெள்ளைத்துணி, பூட்டிய பெட்டி, ஆட்சியர் படம், கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் ஆள் – இத்தனையும் ஓரிடத்தில் சேர்ந்தால் குமரி மாவட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஆட்சியர் மனு வாங்குகிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு திறந்தபோது, மணல்விளைத்துறையிலிருந்து இருபத்தேழு பெண்கள் கையில் பிளாஸ்டிக் கவரோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் கிளாரா. ஸ்மைலின் வீட்டுக்கு அடுத்த வீடு.

“ஏலே ஸ்மைலின், நீயா இங்க ஆபீசரு?”

“ஆபீசர் இல்லக்கா. இது ஆபீசே இல்ல. கலைச் சந்தை.”

“இது இந்த ஆபீஸ் இல்லன்னு எல்லா ஆபீஸ்லயுந்தான் சொல்லுகானுவ. வாங்கி வையி.”

“சத்தியமாட்டு இல்லக்கா.”

“பின்ன பொட்டி என்னத்துக்கு? பூட்டு என்னத்துக்கு? உனக்க கழுத்துல தொங்குத அட்டை என்னத்துக்கு?”

மூன்று கேள்விக்கும் கலையிடம் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

கிளாராவின் கணவன் மரியான் எட்டு மாதத்துக்கு முன் வளைகுடாவுக்கு மீன்பிடி விசைப்படகில் கூலிக்குப் போனவன். இப்போது அங்கே குண்டு விழுகிறது. படகு துறைமுகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஆட்கள் ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. படகிலேயே படுத்து, படகிலேயே பொங்கி, இரவில் வானத்தில் எது வெடிக்கிறது என்று எண்ணிக்கொண்டு கிடக்கிறார்கள். ஆட்களைக் கொண்டுவரக் கப்பல் வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஆட்சியர் அலுவலகத்தில் எந்தக் குடும்பம் மனுக் கொடுக்கிறதோ அந்த ஆளின் பெயர் கப்பல் பட்டியலில் ஏறும். மனு, பாஸ்போர்ட் நகல், போட்டோ. கிளாரா மூன்றையும் பெட்டியில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள்.

“ரசீது.”

“ரசீதெல்லாம் கெடையாதுக்கா.”

“ரசீது இல்லாம நான் எளகமாட்டேன்.”

அவளுக்குப் பின்னால் இருபத்தாறு பேர். அவர்களுக்குப் பின்னால் டெல்லியிலிருந்து வந்திருந்த இரண்டு விருந்தினர்கள், வரிசையையே படம் எடுத்துக்கொண்டு. ஸ்மைலின் யோசித்தான். நாளைக் காலையில் பெட்டியைத் திறந்து, தானே பைக்கில் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் போயிற்று. பத்து நிமிட வேலை. நுழைவுச் சீட்டில் குத்தும் வட்ட முத்திரையை எடுத்தான். ஒரு துண்டுத்தாளில் ‘1’ என்று எழுதி, குத்திக் கொடுத்தான்.

கிளாரா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நீ இருக்கது நல்லதாப் போச்சு மக்கா. வேற எவனாவது இருந்தா நாலு நாளு நடக்க வச்சிருப்பான்.”

செவ்வாய் காலை எட்டு மணிக்கு, மனுக்களை எடுத்துப்போக, ஸ்மைலின் மஞ்சப்பையோடு வந்தான். மேடம் ஏழு மணிக்கே வந்திருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மனுக்களைச் சுற்றிப் பரப்பி, மேடம் அழுதுகொண்டிருந்தார்.

“ஸ்மைலின், கவனிச்சீங்களா? ஒருத்தர்கூட ‘போர்’னு எழுதல. ‘அமைதி’ன்னு எழுதல. எல்லாரும் பாஸ்போர்ட் நம்பர் எழுதியிருக்காங்க. என்ன ஒரு கட்டுப்பாடு!”

“மேடம், இது மனு.”

“ஆமா. மனு என்கிற வடிவம்.”

“இல்ல மேடம். மனுவே தான்.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

பதினோரு மணிக்கு அவசரக் கூட்டம். அசலை உரிய இடத்தில் கொடுத்துவிட்டு நகலை மாட்டலாம் என்று ஸ்மைலின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தான். நகலுக்கு வலி கிடையாது என்று மேடம் அதை நிராகரித்தார். அப்படியானால் நகலை அலுவலகத்தில் கொடுக்கலாமே என்றான். டைட்டஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் கலைக் கல்லூரியிலும் கிடைக்காத பாடம் அடுத்து வந்தது.

“கொண்டு குடுத்தா இது வெறும் மனு ஆயிரும் பாத்துக்கோ. குடுக்காத வரைக்குந்தான் கலை.”

தீர்மானம் தோற்றது. அன்று மாலையே இருபத்தேழு மனுக்களும் கண்ணாடிக்குள் போயின. ‘நெய்தல் ஆவணம்’ என்று பெயர் வைத்தார்கள். உப்புக்காற்று படாமல் இருக்க ஏசி ஏற்பாடாயிற்று. நெய்தலுக்கு உப்புக்காற்று ஆகாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மேடையின் முன்னால் தினமும் ஐந்து மணிக்கு ஒரு நிமிட மௌனம். அதை ஒரு நகைக்கடை வழங்கியது. கூட்டம் வந்தபடி இருந்தது. ஐரோப்பாவில் நடக்கும் பெரிய சந்தை ஒன்றிலிருந்து அழைப்பும் வந்தது.

ஸ்மைலினைக் குறை சொல்வது எளிது. ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் அவன் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு மனுவையும் கண்ணாடிமேல் போனை வைத்துப் படம் எடுத்ததை வரலாறு மறக்கக்கூடாது. மணிமேடை பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் போய் நின்றான். அவன் முறை வந்தபோது போன் அடித்தது. மேடம்.

“ஸ்மைலின், உங்களைத் துணைக் கியூரேட்டர் ஆக்கியிருக்கோம். படைப்போட நீங்களும் ஐரோப்பா வர்றீங்க. உடனே வந்து கையெழுத்துப் போடுங்க.”

“உனக்கு எத்தனை காப்பிலே?” என்றார் கடைக்காரர்.

“இப்போ வாறேன் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போனான். நான்கு பக்கக் கடிதம்; கையெழுத்துகள்; வாழ்த்துகள்; கேக். மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று ஒரு பத்திரிகைக்கு அவன் மண்ணோடு பேச வேண்டியிருந்தது. சாயங்காலம் வரை பேசினான்.

ஞாயிறு, நிறைவு நாள். கிளாரா வந்தாள். மேடைக்கு ஏறி, வெள்ளை விளக்கில் தன் கையெழுத்தைக் கண்டு நின்றாள்.

“ஏன்லே இதக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்கு?”

“பத்திரமா இருக்கட்டும்னுதான்.”

“கலெக்டர் பாத்தாரா?”

“ஒருபாடு பேரு பாத்தாவக்கா. நாலாயிரம் பேரு.”

“கலெக்டரு?”

ஸ்மைலின் தூணைப் பார்த்தான்.

டைட்டஸ் சார் நிலைமையைக் கையிலெடுத்தார். சந்தை வெளியிட்ட சிறப்பு மலர் ஒன்றை அவளிடம் நீட்டினார். வழவழப்பான தாள், நூற்றிருபது பக்கம். “அம்மா, முப்பத்தோராம் பக்கம் பாருங்க. உங்க மனு.” பார்த்தாள். மனு இருந்தது. மரியானின் முகமும் பாஸ்போர்ட் எண்ணும் மட்டும் கறுப்புப் பட்டையால் மறைக்கப்பட்டிருந்தன.

“இது என்னத்துக்கு?”

“தனியுரிமைம்மா. அவரோட கண்ணியத்துக்காக.”

“அந்த மனுவக் கண்ணாடிக்குள்ள இருந்து ஊரிக் குடுங்க. நான் கொண்டு போறேன்.”

“இனி தொட முடியாதும்மா. இன்ஷூரன்ஸ் இருக்கு. புதன்கிழமை விமானத்துல வெளிநாடு போகுது.”

“மனுவா?”

“ஆமா.”

“பேப்பரு எல்லாம் சரியாயிட்டா?”

“எல்லாம் ரெடி” என்றார் டைட்டஸ் சார் பெருமையாக. “ரெண்டே நாள்ல கெடச்சுது.”

கிளாரா கண்ணாடிக்குள்ளிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது அவள் கையிலிருந்த போன் அடித்தது. வீடியோவில் மரியான். பின்னால் வெயில், படகுகள், ஒலிபெருக்கி ஏதோ பெயர்களை இழுத்து இழுத்துச் சொல்லும் சத்தம்.

“ஏட்டி, கப்பல் வந்துட்டு. பேரு வாசிக்கானுவ. நம்ம ஊர்ல ஆருக்க வீட்டுல கலெக்டர் ஆபீஸ்ல நேர மனு குடுத்தாவளோ அவனுவ எல்லாம் ஏறிட்டானுவ. நாங்க இருபத்தேழு பேரு இங்க நிக்கோம். நீ மனு குடுத்தல்லா?”

“முதல் ஆளாக் குடுத்தேன். சீல் வச்ச ரசீது இருக்கு.”

“ஆருட்ட குடுத்த?”

“நம்ம ஸ்மைலின்ட்ட.”

அந்தப் பக்கம் மரியான் வாய்விட்டுச் சிரித்தான். திரும்பி யாரிடமோ கத்தினான். “லேய், பயப்படாதுங்கலே! நம்ம ஸ்மைலின்ட்டதான் குடுத்திருக்காவ. நம்ம ஊருப் பயல்லா, விட்டுருவானா?”

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் மெல்ல ஒரு கையை உயர்த்தினார். “யாரும் குறுக்க போகாதீங்க. ஸ்மைலின், அப்படியே நில்லுங்க” என்று கிசுகிசுத்தார். “இது நடக்குது.”

விருந்தினர்களின் போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. கிளாரா தன் போனைத் திருப்பி ஸ்மைலினின் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக முகங்கள் நெருக்கிக்கொண்டு வந்தன, எல்லாம் அவன் சின்ன வயதிலிருந்து பார்த்த முகங்கள், எல்லாம் சிரித்தபடி.

“அவிய பேரு எப்போ வாசிப்பாவன்னு கேக்காவ” என்றாள் கிளாரா. “நீயே சொல்லு மக்கா.”