கேட்டுக் குடியேறிய முயலும் கேட்காமல் குடியேறிய பன்றியும்

ஒரு காட்டில், மரத்துக்கு மரம் பட்டாவும் புதருக்குப் புதர் சர்வே எண்ணும் வந்துவிட்ட நாகரிகமான காட்டில், கோட்டைச்சாமி என்ற கரடிக்கு ஓடையோரமாக இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அவரோ தேன் வியாபாரத்துக்காக மேல்மலையில் குடியிருந்தார். நிலம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் நிலத்துக்கு என்ன ஆகுமோ அது ஆனது.

ஒரே வாரத்தில் இரண்டு பேர் அங்கே குடியேறினார்கள். கிழக்குப் பக்கம் பூரணம் என்ற முயல். காட்டுத்தீயில் வளையைப் பறிகொடுத்துவிட்டு, வயிற்றில் குட்டிகளோடு வந்தவள். மேற்குப் பக்கம் மாசானம் என்ற காட்டுப்பன்றி. அவனுக்கு இடம் பிடித்திருந்தது, வந்துவிட்டான்.

பூரணத்துக்கு மனசு கேட்கவில்லை. அடுத்தவர் இடமாயிற்றே என்று நாள் முழுக்க மலையேறிப் போய்க் கரடியைப் பார்த்தாள்.

"ஐயா, போக்கிடம் இல்லை. உங்க இடத்துல ஒரு ஓரமா வளை தோண்டியிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா இருந்துக்கிறேன்."

"இருந்துக்க தாயி," என்றார் கரடி. "சும்மா கெடக்குற எடந்தானே."

அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் முதல் வெட்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்து, தேக்கிலையில் கட்டி, மலையேறிப் போய்க் கரடியிடம் கொடுத்துவிட்டு வருவாள். மரியாதை தெரிந்த குடும்பங்களில் அப்படித்தான் செய்வார்கள்.

மரியாதை தெரியாத மாசானம் முள்வேலி போட்டான். 'இது மாசானத்தின் இடம். உள்ளே வந்தால் குத்தப்படும்' என்று பலகை வைத்தான். ஒருநாள் நிலத்தைப் பார்க்க வந்த கரடியைத் தொடையில் குத்தி, பலகையில் எழுதியிருப்பது உண்மைதான் என்று நிரூபித்தான். கரடி நொண்டிக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போனார். "இது சிவில் மேட்டருங்க, கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்கு அலைய யாரால் முடியும் என்று கரடியும் விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வருடம் ஓடியது. பூரணம் பதினொரு தடவை பிள்ளை பெற்றாள். முயல் குலத்தில் இது மிகவும் அடக்கமான கணக்கு. இறந்துபோன ஒரு குட்டியை வளை வாசலிலேயே புதைத்திருந்தாள். அதை விட்டு எங்கும் போவதாக அவளுக்கு எண்ணமே இல்லை.

அப்போதுதான் கரடிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. தேனைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். வியாபாரத்தை மூடிய கரடி, நிலத்தைத் தங்கும் விடுதி கட்டும் ஒரு மயிலுக்கு விற்க முடிவு செய்தார். பதினைந்து நாளில் காலி செய்யும்படி இருவருக்கும் நோட்டீஸ் வந்தது. இருவரும் வக்கீல் நரியிடம் ஓடினார்கள்.

"பயப்படாதீங்க," என்றார் நரி. "தனியார் இடத்துல பன்னெண்டு வருஷம், அவருக்கு எதிரா, ஊரறிய உக்காந்திருந்தா இடம் உங்களுது. எதிரிடை அனுபவம்னு பேரு. இருந்ததுக்கு ஆதாரம் மட்டும் கொண்டாங்க."

பூரணம் தாலுகா ஆபீசில் மூன்று நாள் வரிசையில் நின்றாள். நான்காம் நாள் சர்வர் வேலை செய்யவில்லை. ஐந்தாம் நாள் கவுன்ட்டரில் இருந்த குரங்கு வேலை செய்யவில்லை. ஒருவழியாக வீட்டுவரி ரசீது, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து நரியின் மேசையில் வைத்தாள். நரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓனரைக் கேட்டுக் குடியேறினீங்களா?"

"கேக்காம இருப்பேனா?" என்றாள் பூரணம் பெருமையாக. "வருஷம் தவறாம கிழங்கும் குடுத்தேன்."

நரி கண்ணாடியைக் கழற்றினார். "கெடுத்தீங்களேம்மா. கேட்டு இருந்தா அது அனுமதி. அனுமதியில இருக்கறவங்க நூறு வருஷம் இருந்தாலும் விருந்தாளிதான்."

"அப்ப நான் திருடியிருக்கணுமா?"

"திருடுன்னு சட்டம் சொல்லாது. செஞ்சு முடிச்சவங்களை மட்டும் பத்திரமாப் பாத்துக்கும்." நரி மாசானத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டீங்களா?"

"யாரை?" என்றான் மாசானம். நரிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

வழக்கு நீதிபதி எருமையின் முன் வந்தது. கரடி கூண்டில் ஏறியதும் மாசானத்தைப் பற்றிக் கொட்டித் தீர்த்தார்.

"அராஜகம் ஐயா. என் எடத்துல என்னையே நொழைய விடல. இந்தத் தொடையைப் பாருங்க."

நீதிபதி தொடையைப் பார்த்தார், நெடுநேரம் அசைபோட்டார். "எதிராக, வெளிப்படையாக, தொடர்ச்சியாக. மூன்றும் நிரூபணம்" என்று எழுதிக்கொண்டார். மேற்குப் பக்கம் மாசானத்துக்குப் போயிற்று.

பூரணத்தின் பெயரைச் சொன்னதும் கரடிக்குக் கண் கலங்கியது. "அது மாதிரி ஒரு பிறவி உண்டா ஐயா? கேட்டுத்தான் வந்துச்சு. ஒரு தை தவறாம கெழங்கு கொண்டாரும்."

"கனம் நீதிபதி அவர்களே, சாட்சி என் கட்சிக்காரரைப் புகழ்வதை ஆட்சேபிக்கிறேன்," என்று நரி துள்ளி எழுந்தார்.

ஆட்சேபம் எடுபடவில்லை. கரடி கிழங்கின் ருசி வரைக்கும் சொல்லி முடித்தார். பிறகு, மேற்கு போய்விட்டதால் கிழக்கையாவது விற்றாக வேண்டும் என்று வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டார்.

முப்பது நாளில் வெளியேற வேண்டும் என்று பூரணத்துக்குத் தீர்ப்பானது. அதில் ஒரு முழுப் பக்கம் அவளுடைய நற்பண்பைப் பாராட்டியிருந்தது. வளை வாசலில் உட்கார்ந்து பிள்ளை ஒன்றை அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பூரணம் வாய்விட்டு அழுதாள். அதற்குப் பிறகு அவள் அழவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை நடை முடிந்து வீடு திரும்பிய நீதிபதி, தன் சோளக்கொல்லையில் புத்தம்புது வளைகளைக் கண்டார். சுற்றிலும் முள்வேலி. உள்ளே பூரணமும், குடும்பத்தில் முப்பத்துச் சொச்சம் பேரும்.

நீதிபதிக்குச் சட்டம் தெரியும், ஆகையால் வேலியோரம் ஓடினார். "அம்மா, தாராளமா இருங்க," என்றார் அவசரமாக. "நான் அனுமதி தர்றேன்."

"வேணாம் ஐயா."

"எழுத்துலயே தர்றேன்." வேலிக்கு மேலாக ஒரு தாளை நீட்டினார்.

பூரணம் அந்தத் தாளை ஓரத்திலிருந்து நிதானமாகத் தின்று முடித்தாள். பிறகு வேலியைத் தாண்டி வந்து, தெருவே பார்த்திருக்க நீதிபதியின் காலைக் கடித்தாள்.

"இன்னைக்குத் தேதியைக் குறிச்சு வச்சுக்கங்க ஐயா," என்றாள்.

நீதி: அடுத்தவர் நிலத்தில் குடியேறும் ஏழைகள் முதலில் கடிக்க வேண்டும். மரியாதையெல்லாம் பட்டா கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.