கமலவேணிக்காக இளைத்தேன்

சோளிங்கர் மலையடிவாரத்தில் டோலி தூக்குகிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருங்க சார், இன்னும் ரெண்டு ஆள கூட்டிக்கினு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திரும்பி வரவேயில்லை.

என் மனைவி கமலவேணி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றி என் காலடியில் விட்டுவிட்டு, தனியாகவே படியேறிப் போனாள். நான் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

மத்தியானம் இறங்கி வந்தவள் என் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

"சாமி உங்கள கேட்டாரு."

"இன்னா சொன்ன?"

"அவரு வர்ற மாதிரி இல்ல, நீங்க வேணா எறங்கி வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்."

அன்றைக்கு ஆம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அந்தப் பெரிய முடிவை எடுத்தேன். இளைப்பது. மூன்று பேர் சீட்டில் நாங்கள் இருவர் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் ஓரம் ஒட்டிக்கிடந்த கமலவேணியிடம் முடிவைச் சொன்னேன்.

"இதெல்லாம் நடக்குமா?" என்றாள்.

"நடக்கும்."

"நீங்க நடந்தாதான் நடக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

என் பெயர் நந்தகோபால். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஷெட் சூப்பர்வைசர். தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுரண்டி எடுப்பது எங்கள் ஷெட்டில் முதல் வேலை. ஆடு, மாடு எதுவானாலும் சுத்தமாக எடுத்துவிடுவோம். சூப்பர்வைசரின் கொழுப்பை எடுக்கத்தான் அங்கே மெஷின் இல்லை. அதனால் டாக்டர் இஷ்தியாக் அகமதுவிடம் போனேன். கமலவேணியும் கூட வந்தாள்.

டாக்டர் பஜாருக்குப் பின்னால் சின்ன கிளினிக் வைத்திருந்தார். சத்தம் போடாத மனிதர். அது தெரிந்துதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். எடை பார்த்தார். பிரஷர் பார்த்தார். குதிகாலில் செருப்புக் கடித்து ஆறாமல் கிடந்த புண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சிறுநீரைக் கொஞ்சம் எடுத்து, நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"நீலமாவே இருக்கணும் நந்தகோபால். உங்களுக்குச் சர்க்கரை ஆரம்பிச்சிருக்கு. பயப்பட வேணாம். எடைய எறக்கினா கட்டுப்படும். மாத்திரை அப்புறம் பாத்துக்கலாம். தினம் காலைல நடங்க. சோறு கம்மி பண்ணுங்க. உடம்புல கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அதத்தான் டாக்டர் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் கமலவேணி.

"பிரியாணி?" என்று நான் கேட்டேன். ஆம்பூரில் இருந்துகொண்டு அதைக் கேட்காமல் எப்படி எழுந்து வருவது.

"விடச் சொன்னா விடுவீங்களா? வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பிடுங்க. சின்ன தட்டுல. மெதுவா சாப்பிடுங்க. வாராவாரம் இங்க வாங்க. எடை கூடினாலும் வாங்க. கூடினா வராம இருந்துடாதீங்க, அதான் முக்கியம்."

மறுநாள் விடியற்காலையில் நடக்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு வாஹித் பாஷாவும் சேர்ந்துகொண்டார். எங்கள் கம்பெனியில்தான் தோலைத் தரம் பிரிக்கிறவர். என் தோஸ்த். பாலாற்றங்கரைவரை போய்த் திரும்பினோம். வழியில் ஒரு நாஷ்டா கடை. பரோட்டாவும் பாயாவும் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன.

"இன்னா தோஸ்த், இவ்ளோ தூரம் நடந்திருக்கோம், காலு வலிக்கல?" என்றார் பாஷா.

"வலிக்குது."

"ஆட்டுக்கால் சாப்பிட்டா மன்ஷன் காலுக்கு நல்லது."

இதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தினமும் நடந்தோம். தினமும் காலுக்கு வைத்தியம் பார்த்தோம். வீட்டுக்கு வந்து கமலவேணி கொடுத்த கேழ்வரகுக் கூழையும் முகம் சுளிக்காமல் குடித்தேன். அவளுக்கு என் மேல் பெருமை. டாக்டரின் எடை மெஷினுக்குத்தான் இல்லை. முள் முன்னால் போயிருந்தது.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இந்த வாரம் கஷ்டமா இருந்துதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீணாகிவிட்டது. "வானிலை சரியில்லை டாக்டர்" என்று எதையோ சொல்லிவிட்டு வந்தேன்.

நாஷ்டா கடை விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், பாஷா வீட்டில் காலைச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி அக்தரி பேகம் மதில் மேல் எட்டி, கமலவேணியிடம் கேட்டார்.

"அக்கா, நடந்தா பசி எடுக்கும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு நடந்தா வயிறு ரொம்புது. உங்க வீட்ல எப்படி?"

கமலவேணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கூழ் கொடுக்கவில்லை. "உங்களுக்குத்தான் வேணாமே" என்றாள். அதோடு சரி. ஒரு வாரம் அவள் சரியாகப் பேசவில்லை. நானும் நடப்பதை விட்டேன். இளைக்கும் திட்டம் கைவிடப்பட்டதாக நானே தீர்மானம் போட்டு நானே நிறைவேற்றிக்கொண்டேன். செங்கல் நிறம் டாக்டரின் மருந்துக் கோளாறாகக்கூட இருக்கலாம் என்று மனசு சொன்னது.

அப்போதுதான் டாக்டர் கம்பெனிக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். மெஷின் பக்கமே கையைக் காட்டவில்லை. எதிரில் உட்காரச் சொன்னார்.

"உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க."

"தனியாவா? இன்னா ஒடம்புக்கு?"

"தூக்கம் இல்லையாம். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். அவங்க தேறணும்னா ரெண்டு விஷயம் நடக்கணும் நந்தகோபால். காலைல தினமும் நீங்க அவங்களோட நடக்கணும். வீட்ல சோறு, எண்ணெய், இனிப்பு எல்லாம் கம்மி ஆகணும். இது நடக்கலன்னா அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகாது."

மகளைத் திருப்பத்தூரில் கட்டிக் கொடுத்தபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கமலவேணி காய்ச்சல் என்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஒன்று என்றால் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். கமலவேணியிடம் போய், உனக்கு உடம்பு சரியில்லை, நட என்றால் நடப்பாளா? எனக்கு இன்னா நோவு என்று அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்காக அவள் எதையும் செய்துகொள்ள மாட்டாள். எனக்காக என்றால் செய்வாள். ஆகவே நோயாளியாக நான் நடிக்க வேண்டும். இந்த யோசனை வந்ததும் பஜாரின் நடுவிலேயே நின்றுவிட்டேன். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு தோல் ஷெட்டில் இருக்கிறேனே என்று தோன்றியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் சாய்ந்து நெஞ்சில் கை வைத்தேன்.

"கமலா, டாக்டர் சொன்னது நெசம்தான். எனக்குச் சர்க்கரை ஜாஸ்தி. பயமா இருக்கு."

"இப்பதான் தெரிஞ்சுதா" என்றாள், அரிசியைப் புடைத்துக்கொண்டே.

"நாளைலேர்ந்து நடக்கப் போறேன். நீயும் கூட வா."

"எனக்கு எதுக்கு? வாஹித் பாய் இருக்காரு இல்ல."

"அவரு வேணாம். அவரு கூட போனா கால் தானா கடைக்குள்ள போவுது."

"எனக்கு வாசல் தெளிக்கணும், தண்ணி புடிக்கணும். நீங்க போய்ட்டு வாங்க."

"தண்ணி நான் புடிச்சுத் தர்றேன்."

முறம் நின்றது. "தெனமுமா?"

"தெனமும்."

"சாப்பாடு?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. கீரை, கூழு, இன்னா வேணா பண்ணு. ஆனா நீயும் அதத்தான் சாப்புடணும். நான் மட்டும்னா எனக்கு எறங்காது."

"கீரை ஆஞ்சு தரணும். நேரம் புடிக்கும்."

"நான் ஆஞ்சு தர்றேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "சரி, உங்களுக்காக" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். எவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டாள் என்று கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது.

மறுநாளிலிருந்து நடந்தோம். நோயாளி முன்னால் போனாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். "மெதுவா போ கமலா" என்று கெஞ்சுவேன். அவளுக்குக் கொதிப்பு ஏறிவிடுமோ என்ற கவலைதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள். நான் வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பிவிடுவாள். நாஷ்டா கடை வாசலில் அவள் நடை இன்னும் வேகமாகும்.

கம்பெனியில் மத்தியானம் பாஷா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, கத்தரிக்காய்த் தொக்கோடு என் பக்கம் தள்ளினார். நான் திரும்பத் தள்ளினேன்.

"இன்னா தோஸ்த், பேஜாரா கீது. இன்னா ஆச்சு?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க பாய். எங்க வீட்டம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. அவ பத்தியம் இருக்கணும்னா நானும் இருக்கணும்."

பாஷாவுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டு, "பெரிய மனசு உங்களுக்கு" என்றார். கண்ணில் தண்ணீர். என் தியாகம் அவரைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

சில நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தெருவில் வறுக்கிற வெங்காய வாசனைக்கே கண் கலங்கியது. டாக்டரிடம் போய்ச் சொல்வேன். அவர் முழுசாகக் கேட்பார். "பசிச்சா மோர் குடிங்க. வெள்ளரிக்கா கடிங்க. ஒரு நாள் தப்பினா மறுநாள் சரி பண்ணிக்கலாம். போன வாரத்துக்கு இந்த வாரம் கால் கிலோ கம்மி, அது சின்ன விஷயம் இல்ல" என்பார். அந்தக் கால் கிலோவுக்கு எழுந்து நின்று கை கொடுப்பார். எங்கள் முதலாளி முழு லோடு தோல் கப்பல் ஏறினபோதுகூட எனக்குக் கை கொடுத்தது கிடையாது. அந்தக் கைக்காகவே வாரம் தவறாமல் போனேன். கமலவேணி எப்படி இருக்கிறாள் என்று அவரும் கேட்பார். "நல்லா தூங்குறா டாக்டர்" என்பேன். "பாத்தீங்களா" என்பார்.

மழைக்காலம் முடிந்து பனி விழ ஆரம்பித்தபோது என் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. குதிகால் புண் காய்ந்து உதிர்ந்து, இருந்த இடம் தெரியவில்லை. டாக்டர் இருவரையும் சேர்ந்து வரச் சொன்னார். மறுபடியும் ஸ்பிரிட் விளக்கு. குழாயில் நீலம் கொதித்தது. கொதித்தும் நீலமாகவே இருந்தது. கமலவேணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். டாக்டர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஜெயிச்சுட்டீங்க நந்தகோபால். இப்படியே தொடரணும்."

நான் அவர் காதருகில் குனிந்தேன். "என்னோடது இருக்கட்டும் டாக்டர். அவளுக்குப் பாருங்க. அவளுக்காகத்தானே இவ்ளோவும்."

"அவங்களுக்கு இன்னா?"

"ரத்தக்கொதிப்பு."

டாக்டர் கமலவேணியைப் பார்த்தார். கமலவேணி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். டாக்டர் அவள் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்தார். "ரொம்ப நார்மல். அன்னிக்கும் நார்மல்தான்."

"அன்னிக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுன்னு சொன்னீங்களே."

"அடிச்சுக்கிச்சு. உங்கள நெனச்சு. தூக்கம் இல்ல, உங்களாலதான். அவங்க தேறணும்னா நீங்க நடக்கணும்னு சொன்னேன். இதுல எது பொய், சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பொய்யில்லை. எனக்கு இருந்த நோயை இருப்பதாக நடித்து, அவளுக்கு இல்லாத நோயை நான்தான் குணப்படுத்தியிருக்கிறேன்.

தெருவில் இறங்கியதும் கேட்டேன். "பாஷாவுக்குத் தெரியுமா?"

"அக்தரி சொல்லியிருப்பா."

"தெருவுக்கே தெரியும். எனக்குத்தான் தெரியாது. எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"டாக்டர் நேராதான சொன்னாரு. ட்யூபையே காட்டினாரு. நீங்க நேரா கடைக்குப் போய்ட்டீங்க."

இருவரும் நடந்தோம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கப்பாவுக்கும் கால்ல சின்னதாதான் புண்ணு வந்துச்சு. கடைசியா ஆஸ்பத்திரியில கால எடுத்தாங்க. ஒத்தச் செருப்ப நான்தான் வீட்டுக்குத் தூக்கிக்கினு வந்தேன். அத இன்னா பண்றதுன்னே தெரியல எனக்கு."

வண்டி போய் முடிந்தது. கேட் திறந்தது. வெயிலுக்கு எடுத்து வந்திருந்த குடையை நான் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

ஆனாலும் ஒரு ஆம்பிளை இப்படி ஏமாந்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் எழுந்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அவள் வந்து கெஞ்சட்டும். நானும் தண்ணி, கீரை என்று நாலு நிபந்தனை போடுவேன்.

அவள் எழுந்தாள். முகம் கழுவினாள். என்னை எழுப்பவில்லை. கதவு திறக்கிற சத்தம், சாத்துகிற சத்தம். தெருவில் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று. நான் போர்வைக்குள் வெற்றியோடு படுத்திருந்தேன். ஒரு பக்கம் புரண்டேன். மறு பக்கம் புரண்டேன். கால் இரண்டும் சும்மா இருக்கவில்லை. பாலாற்றங்கரையில் இப்போது காற்று நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் தனியாகப் போகிறாளே என்றும் தோன்றியது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆமாம், ஓடினேன்.

தெருமுனையில் நின்றிருந்தாள். கையில் காய்கறி வாங்க இரண்டு பை. பெரியதை என்னிடம் நீட்டினாள்.